ஒரே மேசையில் சாப்பிட்டவள் இப்போது முகம் பார்ப்பதில்லை

வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான்தான்.

எங்கள் பட்ச்சில் கொஞ்சப் பேர் வியாழக்கிழமை பின்னேரங்களில் கன்ரீனுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில் கூடியிருந்து பேசுவோம். முதல் வருடத்தில் பகிடிவதையில் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லித்தான் அது தொடங்கியது. 1998 இல் அதற்கென்று சட்டமே கொண்டுவந்தும் ஏன் இன்னும் நிற்கவில்லை என்று ஒரு நாள் முழுக்க வாதாடினோம். பட்டம் எடுத்த பிறகும் வேலைக்காக வீதியில் இருந்த அண்ணாமார், அக்காமாரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக்குக் கிழமை காசு வாங்க வரும் ஆளின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வளவுக்குப் பின்னால் போய் ஒளிக்கும் எங்கள் ஊர் அம்மாமாரைப் பற்றி நான் சொன்னபோது, தன் தாயும் அப்படித்தான் என்று ஒரு பெடியன் அழுதுவிட்டான். வருகிறவர்கள் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள்தான் கூட. பொலன்னறுவையைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெடியனும் வருவான். அவனுக்கு யாராவது பக்கத்தில் இருந்து இங்கிலீஷில் சொல்லிக் கொடுப்போம்.

என்னுடைய அறையில் இருந்தவள் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. முதல் வருடத்திலிருந்தே நாங்கள் ஒன்றாகத்தான். நான் ஊருக்குப் போய்வந்தால் சட்டித் தயிர் கொண்டுவருவேன். அவளுடைய உம்மா எனக்கென்று தனி டப்பாவில் சாப்பாடு கட்டிவிடுவார், உறைப்புக் குறைத்து.

போன ஆகஸ்ட் 30, காணாமலாக்கப்பட்டோர் தினம். அந்தக் கிழமை பேச்சு அதைப் பற்றியே வந்தது. என் அம்மாவின் தம்பியை 1990 இல் அகதி முகாமில் இருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு 19 வயது. எல்லாரையும் வரிசையில் விட்டு, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்களாம். அவன் மாமாவைப் பார்த்துத் தலையாட்டினானாம். அவன் பக்கத்து முஸ்லிம் ஊர் ஆள் என்று அம்மம்மா சொல்லுவா. நான் கேட்டு வளர்ந்த கதை இது. கேட்ட மாதிரியே சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எங்கட வாப்பாட வாப்பா பள்ளியில தொழுதுகிட்டு நிக்கக்குள்ள சுட்டாங்க. அவங்க முகத்த மூடவும் இல்ல. அதையும் சொல்லு” என்றாள். நான் “நீ சொல்றது வேற, நான் சொல்றது வேற” என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள். சிங்களப் பெடியன் என்ன நடந்தது என்று கேட்டான். ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்றிரவு பட்ச் வட்ஸ்அப்பில் பெரிய சண்டை. எங்கள் பெடியன்கள் சிலர் எனக்குத் தனியாக, “நல்லாக் குடுத்தாய்” என்று அனுப்பினார்கள். அதை வாசித்தபோது வயிற்றைப் பிரட்டியது. அவள் வேறு அறைக்கு மாறிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் என்னைக் கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாள். எனக்கு இரவில் நித்திரை இல்லை. புத்தகத்தை விரித்தால் ஒரே பக்கத்தில் நிற்கிறேன். சோதனை வருகிறது. அம்மாவிடம் சொன்னால், “நீ படிக்கப் போனியா, அரசியல் பேசப் போனியா” என்று ஏசுகிறா.

நான் சொன்னது பொய் இல்லை, அக்கா. அவள் சொன்னதும் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். நானாகப் போய் அவளோடு பேசினால் மாமாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. பேசாமலும் இருக்க முடியவில்லை. இந்தப் பேச்சுக்கே இனிப் போகாமல் விட்டுவிடட்டுமா?

மட்டக்களப்பு வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கே பதில் எழுத என்னால் முடியவில்லை. நான் இந்த மாவட்டத்திலேயே இருந்து வேலை செய்கிறவள். இரண்டு பக்கத்து வீடுகளிலும் இந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் இருந்து சொன்னதை நான் கேட்டது குறைவு. நீங்கள் எல்லாரும் அந்த மரத்தடி வரைக்கும் வந்ததே பெரிய காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் மாமாவின் விஷயம். இறந்தவருக்கு அழுவதும் காணாமல் போனவருக்கு அழுவதும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் 1970களில் இருந்து இதைப் பற்றி எழுதி வந்தவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில், துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நின்றுபோகும் என்பார். உங்கள் அம்மம்மா மாமாவுக்குத் திவசம் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் படத்துக்கு மாலை போட விடமாட்டார்கள். மாலை போட்டால் செத்துவிட்டான் என்று தாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பார்கள். ஆணைக்குழு என்று எது வந்தாலும் கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள், திரும்பி வந்து அதே பெட்டியில் வைப்பார்கள். அப்படியான ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, தான் காணாத மாமாவின் துக்கமும் சொத்துப் போலக் கைமாறி வந்துவிடுகிறது. வீட்டுக்கு வெளியே, அக்கறையோடு கேட்கிற ஆட்கள் முன்னால் நீங்கள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

உங்கள் தோழியின் வீட்டில் நிலைமை வேறு. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். அங்கே கபுறு, அவர்களை அடக்கம் செய்த இடம், இருக்கிறது. ஆண்டுதோறும் சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம் என்று ஊரே கூடி நினைக்கிறது. பள்ளிச் சுவரில் சன்னம் பட்ட அடையாளங்களை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் துக்கத்துக்கு ஓர் இடமும் ஒரு நாளும் உண்டு. ஆனால் அவளுக்கு வேறொரு பாரம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பாள். குண்டு வைத்த குழுவை அந்த ஊரோடு சேர்த்துப் பேசியதால், அதற்குப் பிறகு காத்தான்குடி என்று ஊர் பெயரைச் சொன்ன ஒவ்வொரு இடத்திலும், சோதனைச் சாவடியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், யாரோ செய்ததற்கு முகம் கொடுத்திருப்பாள். அடுத்த வருடம் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, உடல்களை, புதைக்க விடாமல் எரித்தார்கள். பிறகு புதைக்க விட்டதும் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில்தான். அந்த வயதிலேயே அவள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருப்பாள்.

உங்கள் வீட்டுத் துக்கத்தை இதுவரை ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. அவளையோ கேள்வி கேட்காத ஆளில்லை. அன்று வேப்பமரத்தடியில் நடந்ததை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். நீங்கள் மாமாவின் கதையைத்தான் சொன்னீர்கள். தலையாட்டி எந்த ஊர் ஆள் என்ற இடத்துக்கு வந்ததும், அவளுக்கு அது கதையாகக் கேட்டிருக்காது. இன்னுமொரு தடவை தன்னைக் கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டிருக்கும். அவள் தன் மூத்தவரின் சாவைச் சொன்னதும் உங்களுக்கு, கடைசியில் ஒருநாள் வாய் திறந்த என்னையும் இடையில் மறித்துவிட்டாளே என்று பட்டிருக்கும்.

தலையாட்டியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவன் முகம் மூடியிருந்தது. அப்படி மூடியது, ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான். அம்மம்மாவுக்கு மகனை யார் காட்டிக்கொடுத்தது என்று ஒரு விடை வேண்டும், அது ஒரு தாயின் தவிப்பு. அவரோடு இதில் வாதாடப் போகாதீர்கள். ஆனால் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை வைத்திருப்பது போன்ற உறுதியோடு அந்த ஊர்ப் பெயரை வைத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் தனியே இருந்து யோசித்துப் பாருங்கள். அதை விட்டுவிட்டால் மாமாவின் கதையில் ஒரு துளியும் குறையாது.

பட்ச் வட்ஸ்அப்பில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் ஆகஸ்ட் 3 என்று போட்டிருப்பார். மற்றவர் செப்டம்பர் 5, வந்தாறுமூலை முகாமில் இருந்து கொண்டுபோன 158 பேர் என்று போட்டிருப்பார். செப்டம்பர் 9, சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழர்கள் என்று இன்னொருவர். ஓகஸ்டில் ஏறாவூரில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் என்று வேறொருவர். எல்லாம் 1990 இல் நடந்தவை. அந்த ஓகஸ்ட், செப்டம்பரில் இந்தக் கரையோரத்தில் சாவு விழாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எந்த நாளில் இருந்து எண்ணத் தொடங்குகிறோமோ, அதற்கு ஏற்ற மாதிரிக் குற்றவாளியும் மாறிக்கொண்டே இருப்பான். இந்தக் கணக்கை ஃபோனில் தீர்த்தவரை நான் கண்டதில்லை. அந்தக் குழுவில் இதைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதாதீர்கள், சமாதானமாகக்கூட. “நல்லாக் குடுத்தாய்” என்றவர்களுக்கு மட்டும், “நான் ஒருத்தருக்கும் குடுக்கப் போகல்ல, என்ட மாமாட கதையைத்தான் சொன்னன்” என்று தனித்தனியே சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால் உங்கள் வயிற்றுப் பிரட்டல் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன். உங்கள் துக்கத்தை அவர்கள் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள், அதுதான் உடம்பு மறுத்தது.

அவளிடம் போவது மாமாவுக்குத் துரோகமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. மாமாவைக் கொண்டுபோனவர்கள் யாரோ, அவர்கள் கணக்கில் உங்கள் தோழி வரமாட்டாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை. நீங்களும் பிறக்கவில்லை.

போகும்போது தனியாகப் போங்கள். யாரையும் தூது விடாதீர்கள். சாப்பாட்டு நேரம் வேண்டாம், பத்துப் பேர் பார்ப்பார்கள். சரி பிழை எதையும் தொடக்கத்தில் எடுக்காமல், “உங்கட வாப்பாட வாப்பாவைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதே இல்ல. நீ சொல்ல விரும்பினா நான் கேக்கிறன். இண்டைக்கெண்டு இல்ல” என்ற அளவில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் நடுவில் மாமாவைக் கொண்டுவராதீர்கள். இது கஷ்டம், எனக்குத் தெரியும். அவர் பெயர் என்ன, என்ன தொழில் செய்தார், அவர் போன பிறகு வீட்டை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இன்னொரு நாள் உங்கள் முறை வரலாம். அவள் கேட்காமலே விடவும் கூடும். எதுவும் பேச விருப்பமில்லை என்று சொன்னால், சரி என்று திரும்பி வந்துவிடுங்கள். பின்னால் பின்னால் போய்க் கெஞ்ச வேண்டாம். அவளுக்கும் இப்போது வீட்டில், “கம்பஸுக்குப் படிக்கப் போனியா” என்ற ஏச்சு விழுந்துகொண்டிருக்கலாம்.

வியாழக்கிழமைப் பேச்சை விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் வேறு, முஸ்லிம் பள்ளிக்கூடம் வேறு. ஆரையம்பதியும் காத்தான்குடியும் ஒட்டியே கிடக்கின்றன, பேசுவதும் ஒரே தமிழ்தான், ஆனாலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் உயர்தரம் முடியும்வரை ஒரே வாங்கில் இருப்பது அபூர்வம். ஒரே அறையில் படுத்து எழும்பும் வாய்ப்பு பலருக்குப் பல்கலைக்கழகத்தில்தான் முதலில் கிடைக்கிறது. அந்த நான்கு வருடத்திலும் பகிடிவதை, வேலை, கடன் என்று எல்லாருக்கும் பொதுவான கஷ்டங்களை மட்டும் பேசிவிட்டுப் போனால், பேசாமல் விட்டதை அப்படியே அடுத்த பட்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். ஆனால் இப்படியான விஷயத்தைப் பதினைந்து பேருக்கு நடுவில் வைக்காதீர்கள். நாலைந்து பேர் போதும். ஒரு நாளுக்கு ஒருவருடைய கதை. மற்றவர்கள் விளங்காததைக் கேட்கலாம், பதில் கதை சொல்லக் கூடாது. அங்கே கேட்டதை ஃபோனில் போடுவதில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள். அந்தப் பொலன்னறுவைத் தம்பியையும் இருத்திக்கொள்ளுங்கள். அவனுடைய ஊர்ப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலும் சாவு விழுந்திருக்கிறது. என்ன நடந்தது என்று அன்றைக்கு வாய் திறந்து கேட்டவன் அவன் ஒருவன்தான்.

நித்திரை விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபோனை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள், தலையணைக்குக் கீழே வேண்டாம். படிப்பை ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்காமல் அரை மணித்தியாலம் படித்து, எழும்பி நடந்து, திரும்ப இருங்கள். இரண்டு கிழமையில் நித்திரை சீராகாவிட்டால் உங்கள் பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கோ மாணவர் ஆலோசகரிடமோ நேரில் போங்கள். இரவில் தனியாக இருக்கும்போது தாங்க முடியாமல் வந்தால் 1926 க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

அம்மா ஏசுவதைக் கோபமாக எடுக்காதீர்கள். தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். வாய் திறந்த பிள்ளைக்கு என்ன நடக்கும் என்ற பயம்தான் அப்படி ஏச்சாக வருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் அரசியல் பேச வேண்டாம். மாமா சின்ன வயதில் எப்படி இருந்தார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், என்ன சாப்பாடு பிடிக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டு போன நாளைத் தவிர அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை, தங்கச்சி. அவர் 19 வருடம் வாழ்ந்திருக்கிறார். அம்மா சொல்வதை எழுதி வையுங்கள். சோதனை முடிந்த பிறகு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா