பத்துக் கிலோ தக்காளியும் மூன்றுக்கு இரண்டு பெட்டியும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுத் தோட்டத்தில் தக்காளி, பாவக்காய், கொத்தவரங்காய், மிளகாய் எல்லாம் நன்றாக வருகிறது. வேலந்தாவளம் சந்தையில் விலை இறங்கும்போது கொண்டுபோய்க் கொடுக்க மனம் வருவதில்லை. மாடியில் பாய் விரித்துக் கொண்டாட்டம் (எங்கள் பக்கம் வற்றலுக்கு அதுதான் பெயர்) போட்டால், தை மாதக் காற்றில் பாதி மண்ணாகிவிடுகிறது. கோயமுத்தூரில் ஒரு கடையில் 3 அடிக்கு 2 அடி சோலார் டிரையர், அதாவது வெயிலில் காய் உலர்த்தும் கண்ணாடிப் பெட்டி, 14,500 ரூபாய் சொன்னார்கள். ஒரே நாளில் 10 கிலோ காயும் என்கிறார்கள். வாங்கலாமா? வீட்டுக்காரர் நாமே செய்துவிடலாம் என்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அந்தப் பத்துக் கிலோ கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதே பேச்சை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் பலர்.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். 10 கிலோவைக் காயவைப்பது என்றால் 9 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆவியாவதற்கு மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் தேவை. ஆக மொத்தம் 6 யூனிட். மூன்றுக்கு இரண்டு பெட்டியின் மேல் நம் ஊர் மாசி வெயில் நாள் முழுக்க விழுந்தாலும் கிடைப்பது சுமார் 3 யூனிட், மிஞ்சிப்போனால் மூன்றரை. அதிலும் கால் பங்குதான் காயை உலர்த்தும். மற்றது கண்ணாடி வழியாகவும் காற்றோடும் போய்விடும். அந்த அளவுப் பெட்டியில் 2 கிலோ தக்காளி, இரண்டு நாள் வெயில். அதற்கு மேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேறு எந்தப் பெட்டிக்கு விலை கேட்டாலும் கண்ணாடியின் நீள அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இனி செய்யும் விஷயம். நான் முதலில் செய்த பெட்டியில், சூடு வெளியே போகக்கூடாது என்று எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டேன். உள்ளே 70 டிகிரிக்கு மேல் போனது, சந்தோஷப்பட்டேன். மத்தியானம் பார்த்தால் கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். அது வழிந்து முன் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாவக்காய் காயவில்லை, வெந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் வெள்ளைப் பூசணம். அன்றைக்குப் புரிந்தது, நாம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது காற்று வருவதற்கும் போவதற்குமான வழியைத்தான். சூட்டை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அதனால் பெட்டி இப்படி இருக்கட்டும். தெற்கு பார்த்த முன்பக்கம் 8 அங்குல உயரம், பின்பக்கம் 14 அங்குலம். மேலே கண்ணாடி சாய்வாக உட்காரும், நம் ஊருக்கு இந்தச் சரிவு போதும். முன்பலகையின் அடியில் நீளவாக்கில் 2 அங்குலத் திறப்பு. பின்பலகையின் உச்சியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய திறப்பு, அதற்கு ஒரு நகரும் பலகை. இரண்டுக்கும் கொசுவலை. தரையில் கறுப்பு பெயின்ட் அடித்த தகரம். தட்டு அந்தத் தகரத்திலிருந்து 3, 4 அங்குலம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் காற்று ஓடாது. கறுப்பு பளபளக்காத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். அடித்தபின் இரண்டு மூன்று நாள் வெறும் பெட்டியை வெயிலில் வைத்து, வாடை சுத்தமாகப் போனபிறகு காயை வையுங்கள்.

செலவில் கை வைக்கக்கூடாத இடம் காய் பரப்பும் தட்டின் வலை. கடையில் மலிவாக ஜி.ஐ. வலையைத்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையைத்தான், எடுத்துக் கொடுப்பார்கள். தக்காளியின் புளிப்பும் மோர்மிளகாயின் உப்பும் பட்டால் அந்தத் துத்தநாகப் பூச்சு கரைந்து காயில் ஏறும். அலுமினிய வலையும் புளிப்புக்கு ஆகாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை என்று கேட்டு, பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் மூங்கில் தட்டு முடையச் சொல்லுங்கள். எனக்கு அதுவே பிடிக்கும், பூஞ்சை வராமல் அவ்வப்போது கழுவி வெயிலில் போட்டால் போதும்.

கண்ணாடிக்குப் பழைய ஜன்னல் கண்ணாடி 4 மி.மீ. இருந்தால் நல்லது. சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடி வாங்குவதானால் முதலில் சட்டத்தைச் செய்து அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், அதைப் பிறகு அறுக்க முடியாது. சாதாரணப் பாலித்தீன் சில மாத வெயிலில் நொறுங்கிவிடும். பாலித்தீன்தான் வேண்டும் என்றால் பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் யு.வி. ஷீட். சூடு கீழே இறங்காமலிருக்கத் தகரத்துக்கு அடியில் தெர்மகோல் வைக்காதீர்கள், 80 டிகிரி வாக்கில் இளகிச் சுருங்கும். உங்கள் பக்கம் தேங்காய் நாருக்கா பஞ்சம், அதையே அடைத்துவிடுங்கள்.

இரண்டாவது பெட்டி எனக்கு மூவாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது, பலகையும் கண்ணாடியும் வீட்டில் கிடந்ததால்.

உள்ளே ஒரு சமையல் தெர்மாமீட்டர் வையுங்கள். 50 முதல் 60 டிகிரி சரி. 65-ஐத் தாண்டினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும், பின் திறப்பை அகலமாக்குங்கள். கொத்தவரங்காயையும் பாவக்காயையும் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வடித்துவிட்டு அடுக்குங்கள், நிறம் நிற்கும். முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கு நேர் வெயில் ஆகாது, தட்டின் மேல் ஒரு கறுப்புத் துணி.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்தில் வசிக்கிறேன். கோயமுத்தூர்க் கடையில் ஃபேன் வைத்த சோலார் டிரையர் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. நான்காம் மாதமே ஃபேன் நின்றுவிட்டது. கேட்டால், கேரளாவுக்கு ஆள் அனுப்ப மாட்டோம், வழக்குப் போடுவதானாலும் கோயமுத்தூருக்குத்தான் வரவேண்டும் என்கிறார்கள்.

பதில்: அது தப்பு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், எல்லை தாண்ட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன் பில், வாரண்டி அட்டை, ஃபேன் ஓடாததைக் காட்டும் வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பல விஷயங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். நீங்களே வற்றல் போட்டு விற்றுப் பிழைப்பவர் என்றாலும், சுயதொழிலுக்கு வாங்கியவர் என்ற முறையில் நுகர்வோர்தான். அதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: வற்றல் முழுசாகக் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன தடவை டப்பாவில் போட்டதும் பூஞ்சை பூத்துவிட்டது.

பதில்: பெட்டியிலிருந்து எடுத்துச் சூடு ஆறிய பிறகு ஒடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது நன்றாகக் காய்ந்ததும் வளையும். கொத்தவரங்காய் படக்கென்று ஒடிய வேண்டும். தக்காளி தோல் போல மடங்கலாம், ஆனால் அமுக்கினால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அப்புறம் நேராக டப்பாவுக்குப் போகாதீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். தடித்த துண்டின் ஈரம் மெல்லிய துண்டுக்குப் பரவிச் சமமாகும். நடுவில் என்றைக்காவது பாட்டிலின் உள்பக்கம் மங்கலாக நீர் கோத்தால், எல்லாவற்றையும் மறுபடி அரை நாள் பெட்டியில் போட்டு எடுங்கள்.