எத்திக்ஸ் கமிட்டியிடம் எப்போது போக வேண்டும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வார்டில் வலி மருந்து தாமதமாகவே போய்ச் சேர்கிறது. மூன்று மாதம் நேரத்தைக் குறித்துவைத்து, முறையை மாற்றிப் பார்க்கப் போகிறோம். இது தர மேம்பாடுதானே, அனுமதி எதற்கு?

பதில்: பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொடுக்க வேண்டிய மருந்தை நேரத்துக்குக் கொடுப்பதுதான் நோக்கம் என்றால், எத்திக்ஸ் கமிட்டியின் (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) முழுப் பரிசீலனை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குப் பழைய முறை, மீதிப் பேருக்குப் புதியது என்று பிரித்தால் அது ஆராய்ச்சி, கமிட்டியிடம் போக வேண்டும்.

தர மேம்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவிலுள்ள இந்தக் கோடு விவரம் தெரிந்தவர்களையே தடுமாற வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில், பெரிய ரத்தக்குழாயில் கத்தீட்டர் (மெல்லிய குழாய்) போடும்போது ஐந்து விஷயங்களைத் தவறாமல் செய்யவைத்தார்கள். கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, தேவையில்லாத கத்தீட்டரை எடுத்துவிடுவது என்று எல்லாமே தெரிந்த சங்கதிதான். ரத்தத் தொற்று வெகுவாகக் குறைந்தது. 2006-இல் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த வருடமே, இது ஆராய்ச்சி, முறையான பரிசீலனை நடக்கவில்லை என்று அரசின் கண்காணிப்பு அலுவலகம் சொல்லிவிட்டது. கை கழுவச் சொன்னதற்கா இவ்வளவு என்று மருத்துவர்கள் கொதித்தார்கள். 2008-இல் அதே அலுவலகம், திட்டம் தொடரலாம் என்றது.

அதனால் நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கமிட்டிச் செயலரிடம் கொடுங்கள். 'பரிசீலனை தேவையில்லை' என்று அவர் தரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பிரசுரிக்கப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: ஆய்வு முடிந்து கட்டுரையும் எழுதியாகிவிட்டது. மருத்துவ இதழ் அனுமதி எண் கேட்கிறது. இப்போது விண்ணப்பிக்கலாமா?

பதில்: காலம் கடந்துவிட்டது. ஆய்வு தொடங்கும் முன்பே ஒப்புதல் வேண்டும் என்பது மருத்துவ ஆராய்ச்சிக்கான உலக மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இருக்கிறது. பழைய தேதி போட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு வழி மட்டும் உண்டு: வழக்கமான சிகிச்சையின்போது கேஸ் ஷீட்டில் பதிவான தகவல்தான் என்றால், அதை இனிமேல் ஆராய அனுமதி கேட்கலாம். அது புது விண்ணப்பம். இதுவரை நடந்ததை மறைக்காமல் அதில் எழுதுங்கள்.

கேள்வி: பழைய கேஸ் ஷீட்டுகளில் பெயரை நீக்கிவிட்டேன். நோயாளியின் சம்மதம் வேண்டாம் அல்லவா?

பதில்: பெயர் போனால் ஆள் மறைந்துவிட மாட்டார். வயது 92, அபூர்வ நோய், சேர்ந்த தேதி: இந்த மூன்றும் போதும், அந்த வார்டு நர்ஸ் யாரென்று சொல்லிவிடுவார். சம்மதத்துக்கு விலக்கு கிடைக்கலாம். தருவது கமிட்டி, நீங்கள் அல்ல.

கேள்வி: எங்கள் நர்ஸ்களிடம்தான் சர்வே. நோயாளிகளே இல்லையே?

பதில்: ஆராய்ச்சி என்றால் ஊழியரும் பங்கேற்பாளர்தான். அப்புறம், படிவத்தைத் தலைமை நர்ஸ் கையால் கொடுக்காதீர்கள். அவர் நீட்டினால் யார் மறுப்பார்கள்? மூடிய பெட்டி ஒன்றை வையுங்கள், வெற்றுப் படிவத்தையும் அதில் போடலாம் என்று சொல்லிவிடுங்கள்.