ஐந்து கை கணக்கு

அன்புள்ள ஐயா,
தொண்டிக் கடற்கரையில், வலையிலிருந்து உதறிப் போட்ட கழிவில் என் மகள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். நட்சத்திர மீன் என்றேன். இல்லை, இது ஒஃபியூராய்டியா, வகுப்பே வேறு என்கிறாள். இதற்கும் ஐந்து கைதானே? தமிழில் இதன் பெயர் என்ன? பரீட்சைக்கு வகைப்பாட்டை மனப்பாடம் செய்யக் குறுக்குவழி உண்டா?
– தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னதுதான் சரி. முதலில் அவளிடம் போய் அதைச் சொல்லுங்கள். குறுக்குவழி என்னிடம் இல்லை. பெயரா? கிரேக்கத்தில் ஓஃபிஸ் பாம்பு, ஊரா வால். நான் பாம்புவால் என்பேன், நீங்கள் எப்படியும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 'ஐந்து கைதானே' இருக்கிறதே, அதை விடமாட்டேன். கை கிளை கிளையாகப் பிரிந்து, கூடை மாதிரி சுருண்டு கிடக்கும் ஒன்றும் இதே வகுப்புதான். அதை எப்படி எண்ணுவீர்கள்? நான் படித்த கல்லூரியில் ஃபார்மலின் சாடிக்குள் பாம்புவால். சாடிமேல் ஒட்டிய சீட்டில் நட்சத்திர மீன். தப்பு என்று சொன்னேன். "சீட்டில் இருக்கிறதை எழுது" என்றார்கள். எழுதினேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதில் கொஞ்சம் உங்கள்மேல் விழுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையை எண்ணாதீர்கள், அது உடம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள். நட்சத்திர மீனுக்கு உடம்பே அகன்று கையாக நீளும். பாம்புவாலில் நடுவே பொத்தான் மாதிரி வட்டத் தட்டு, அதில் செருகிவைத்தது போல மெல்லிய கைகள்.

உள்ளே போனால் இன்னும் வேறு. காரைக்குடியில் எங்கள் ஆயா வீட்டு வளவில் நான்கு அம்மான்மார். கல்யாணம் ஆக ஆக ஒவ்வொருவரையும் வேறு வைத்தார்கள். ஒரே கூரை, ஆயா, ஐயாவையும் சேர்த்து ஐந்து புள்ளி (கல்யாணமான ஜோடி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி), ஐந்து அடுப்பு. நட்சத்திர மீன் அந்த வீடு: கைக்குக் கை செரிமானச் சுரப்பி. பாம்புவாலுக்கு ஒரே அடுப்பு. வயிறு பெரும்பாலும் அந்தத் தட்டோடு சரி. வாய் அடியில், ஐந்து தாடையோடு; மலத்துளை கிடையாது, சக்கையும் வாய் வழியேதான். கைக்குள் முதுகெலும்புக் கண்ணி மாதிரி சுண்ணத் துண்டுகள் கோத்திருக்கும். அதனால்தான் கையைத் துடுப்பாக வீசி ஓடுகிறது. நட்சத்திர மீன் குழாய்க்கால்களால் மெல்ல ஊரும்.

பத்து வயதில் தொண்டியிலிருந்து ஒன்றைச் செம்பில் கடல்தண்ணீரோடு பஸ்ஸில் கொண்டுவந்தேன். தேவகோட்டை தாண்டுவதற்குள் இரண்டு கையை உதிர்த்துவிட்டது. கடலில் இருந்திருந்தால் திரும்ப முளைத்திருக்கும். உதிர்ந்த துண்டுகள் தனியாக நெளிந்துகொண்டிருந்தன. ஆயா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, பாம்புக்குட்டியையா புடிச்சாந்திருக்க?"

அந்தச் செம்பு அதற்கப்புறம் அடுப்படிக்குள் வரவே இல்லை.