நிஷி கசாய் பிளாட்பாரத்திலிருந்து: வாசகர் கேள்விகள்

போன இதழில் என் மகள் குடியிருக்கும் டோக்கியோ புறநகர் ஸ்டேஷனைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தமிழ்நாட்டில் ரயில் பைத்தியங்கள் நான் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிகிறது. முப்பத்து நாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். மகளைப் பார்க்க வரும் விசா தொண்ணூறு நாள். அப்படி நாலு தடவை வந்துவிட்டேன். பேரன் பள்ளிக்கூடம் போனதும் எனக்கு வேலை ஸ்டேஷனில் போய் நிற்பதுதான். அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

ஐயா, உங்கள் மகள் ஊர் ஸ்டேஷனில் இரண்டே பிளாட்பாரம் என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்துக்கொண்டு அவ்வளவு கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– செங்கல்பட்டு வாசகர்

இரண்டு பிளாட்பாரம், இரண்டு தண்டவாளம், அவ்வளவுதான் நிஷி கசாய். தண்டவாளங்கள் நடுவில், பிளாட்பாரங்கள் இரண்டு ஓரத்திலும் எதிரும் புதிருமாக. எல்லாம் தூண்களின் மேல் நிற்கிறது, டிக்கெட் கேட் கீழே. டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு பாதையான தோசாய் லைன் 1969-ல் இந்தப் பக்கம் நீண்டபோது இங்கே ஸ்டேஷனே கிடையாது. வீடுகள் பெருகிய பிறகு, 1979 அக்டோபரில்தான் இடையில் செருகினார்கள்.

எதிரெதிர் பிளாட்பாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஊருக்குள் போகிறவன் ஒரு மேடை, வெளியே போகிறவன் இன்னொரு மேடை. இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ளாது. தொல்லை என்னவென்றால், தப்பான படியில் ஏறிவிட்டால் மறுபடி இறங்கித்தான் ஏற வேண்டும். முதல் நாள் நான் அப்படித்தான் ஏறி நின்றேன். எதிர்ப்பக்கம் என் மகள் தலையில் கை வைத்தபடி நிற்கிறாள், நடுவில் ரயில் வந்து மறைத்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் பார்த்த மனுஷனுக்கு இது தேவையா!

கூட்டத்துக்கு வருவோம். பத்துப் பெட்டி ரயில், பெட்டிக்கு இருபது மீட்டர், ஒரு பக்கத்துக்கு நாலு கதவு. கதவு எங்கே வந்து நிற்கும் என்பது தரையில் போட்டிருக்கிறது. ஓட்டுநர் அங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறார். கதவு இந்த இடத்தில்தான் திறக்கும் என்ற நிச்சயம் இருப்பதால் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். இதை ஜப்பானியரின் ஒழுக்கம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். நான் பாதிப் புகழை பிரேக் போடுகிற கைக்குத்தான் கொடுப்பேன். ரயில் எங்கே நிற்கும் என்று தெரியாத ஊரில் எந்த மகானும் வரிசையில் நிற்கமாட்டான்.

நான் டோக்கியோவில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். கசாய் ஸ்டேஷனில் என் ரயில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். காரணமே புரிந்ததில்லை.
– ஓசூர் வாசகர்

தம்பி, இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். நான் கசாய்க்கு அடிக்கடி போவதே அந்த 'சும்மா நிற்பதை'ப் பார்க்கத்தான்.

நிஷி கசாய்க்கு அடுத்த ஸ்டேஷன் கசாய். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. மேலே ஏறிப் பாருங்கள், கசாயில் தண்டவாளம் நாலு. இரண்டு ஓரங்களில் பிளாட்பாரத்தை ஒட்டி ஆளுக்கொன்று. நடுவில் இருக்கும் இரண்டுக்குப் பிளாட்பாரமே கிடையாது. நம்மூர் மொழியில் சொன்னால் நடுவில் இருப்பது மெயின் லைன், ஓரத்தில் இருப்பது லூப். உங்கள் லோக்கல் லூப்பில் ஒதுங்கி நிற்கும். பின்னால் வருகிற ஃபாஸ்ட் ரயில் நடு லைனில் நிற்காமல் போகும். அது போனதும் உங்களுக்கு சிக்னல் விழும். மூன்று நான்கு நிமிஷக் கதை.

ஃபாஸ்ட் ரயில் தோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுவில்தான் நிற்கும். நடுவில் மினாமி சுனமாச்சி, நிஷி கசாய், கசாய் மூன்றையும் விட்டுவிடும். எங்காவது லோக்கலை ஓரங்கட்டாமல் அது முந்த முடியாது. அந்த ஓரங்கட்டுகிற இடம்தான் கசாய். விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சரை லூப்பில் போட்டுவிட்டு எக்ஸ்பிரஸுக்குப் பச்சை விளக்கு காட்டி நின்ற ராத்திரிகள் எனக்கு உண்டு. பாசஞ்சரில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதே பார்வையைக் கசாயிலும் பார்த்தேன். என்ன, இங்கே யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை.

ஒன்று கவனித்தீர்களா? காலை நெரிசலில் ஊருக்குள் போகும்போது உங்களை யாரும் முந்தியிருக்க மாட்டார்கள். காலையில் ஓடும் ஃபாஸ்ட் ரயில், கடைசியில் இருக்கும் நிஷி ஃபுனபாஷியிலிருந்து உராயாசு வரைதான் தாண்டி வரும். உராயாசுவிலிருந்து ஊருக்குள் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். கூட்ட நேரத்தில் எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் போனால்தான் ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி விட முடியும். ஒன்று ஓட, ஒன்று ஒதுங்க என்று ஆரம்பித்தால் இடைவெளி வீணாகும். சைக்கிளும் லாரியும் ஒரே சந்தில் போகிற மாதிரி.

அப்புறம், கசாய் ஸ்டேஷனின் அந்தத் தூண்களுக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1986-ல் திறந்தது. 1927-ல் டோக்கியோவின் முதல் சுரங்கப் பாதையில் ஓடிய மஞ்சள் பெட்டி 1001 அங்கே நிற்கிறது. பேரனைக் கூட்டிப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

லோக்கலில் வந்து ஃபாஸ்டுக்கு மாற வேண்டுமென்றால் படி ஏறி இறங்க வேண்டுமா? என் முழங்கால் கேட்கச் சொல்கிறது.
– திருச்சி வாசகி

அம்மா, கசாயில் மாறவே முடியாது, ஃபாஸ்ட் நிற்கவே நிற்காதே. மாறுவதற்கு வேறு அமைப்பு வேண்டும். ஒரு பிளாட்பாரத்தின் இரு பக்கமும் தண்டவாளம் இருப்பதை நாங்கள் ஐலண்ட் என்போம். ஜப்பானியரும் 'ஷிமா', அதாவது தீவு, என்றுதான் சொல்கிறார்கள். அப்படி இரண்டு தீவு, நாலு தண்டவாளம் இருந்தால் லோக்கல் ஒரு பக்கம் வந்து காத்திருக்கும், ஃபாஸ்ட் மறுபக்கம் வரும், நீங்கள் நாலு எட்டு வைத்து மாறிக்கொள்ளலாம். இதற்கு இங்கே 'நிமென் யோன்சென்' என்று பெயர்: இரண்டு மேடை, நாலு பாதை. ரயில் பிரியர்கள் இதை உச்சரிக்கும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

இடம் இல்லாத ஊரில் என்ன செய்வது? மேற்குப் புறநகரில் ச்சோஃபு என்று ஒரு ஸ்டேஷன், கேயோ கம்பெனியுடையது. அங்கே லைன் இரண்டாகக் கிளை பிரிகிறது. முன்பு தரைமட்டத்தில் இருந்தபோது கிளை ரயில் மெயின் லைனைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். ஒன்று போகும்வரை மற்றது வெளியே காத்து நிற்க வேண்டும். ரயிலைப் பாதை மாற்றிவிடும் அந்த பாயிண்ட்ஸை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. 2012 ஆகஸ்டில் மொத்தத்தையும் பூமிக்கடியில் இறக்கிவிட்டார்கள். இப்போது மேல் தளம் முழுக்க வெளியூர்ப் பக்கம் போகும் ரயில்கள், கீழ்த் தளம் முழுக்க ஊருக்குள் ஷின்ஜுகு போகும் ரயில்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு தீவு. ஒரே திசையில் போகிறவர் எதற்கு மாறினாலும் எதிர்ப்பக்கம் நடந்தால் போதும்.

இதற்கு நேர்மாறு ஷிமோகிதாசாவா ஸ்டேஷனில் ஒதாக்யூ என்ற இன்னொரு கம்பெனியின் லைன். அங்கேயும் இரண்டு தளம், ஆனால் லோக்கல் மேலே, எக்ஸ்பிரஸ் கீழே. ச்சோஃபுவில் திசையைப் பார்த்துப் பிரித்தார்கள், இங்கே வேகத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். லோக்கலிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு மாற எஸ்கலேட்டர்தான் கதி. உங்கள் முழங்காலின் ஓட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும். என்னுடையதும் அதற்கே.

புதுப் பாதை போடாமலே நெரிசலைக் குறைக்க முடியுமா?
– தாம்பரம் வாசகர்

ஓரளவு முடியும். அதற்கு இந்த லைனைவிட நல்ல உதாரணம் கிடையாது. தோசாய் லைனில் கிபாவுக்கும் மொன்சென் நாகாச்சோவுக்கும் இடையே காலை நேர நெரிசல், 2019-ம் நிதியாண்டுக் கணக்கில் 199 சதவீதம். இருக்கை, கைப்பிடி, கம்பம் என்று எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தால் அது நூறு. நூற்றைம்பது என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். இருநூறுக்கு அவர்கள் அரசாங்கம் பல வருஷங்களாகக் கொடுத்துவந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உடம்போடு உடம்பு உரசும், நன்றாகவே நெருக்கும், ஆனாலும் வார இதழ் என்றால் எப்படியோ படித்துவிடலாம். நம் ஆசிரியர் கவனிக்க.

இத்தனை நெரிசல் ஏன் என்பதில் நம்மவர் பங்கும் கொஞ்சம் உண்டு. 2000-த்தை ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் நிஷி கசாயில் குடியேறியதற்கு ஒரு காரணம், நிஹோன்பாஷி, ஓத்தேமாச்சி ஆபீஸ்களுக்கு இங்கிருந்து மாறாமல் ஒரே ரயிலில் கால் மணியில் போய்விடலாம் என்பது. நமக்குத் தோன்றிய யோசனை லட்சக்கணக்கான ஜப்பானியருக்கும் தோன்றியிருந்தது.

உச்ச நேரத்தில் இரண்டேகால் நிமிஷத்துக்கு ஒரு ரயில் விட்டார்கள். அதற்கு மேல் எது தடுக்கிறது? தண்டவாளத்தில் இடம் இல்லாமல் இல்லை, ரயில் பிளாட்பாரத்தில் நிற்கிற நேரம்தான் தடுக்கிறது. ஏறி இறங்க ஒரு ஸ்டேஷனில் இருபது விநாடி கூடினால், பின்னால் வருகிறவன் வெளியே நிற்கிறான், அவனுக்குப் பின்னால் வருகிறவனும் நிற்கிறான். அதனால் 2010-லிருந்து கதவையே அகலமாக்கிய பெட்டிகள் வந்தன. வழக்கமான 1.3 மீட்டருக்குப் பதில் 1.8 மீட்டர்.

அடுத்து கைவைத்தது மினாமி சுனமாச்சி ஸ்டேஷனில். நிஷி கசாயிலிருந்து ஊருக்குள் போகும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பூமிக்கடியில், ஒரே தீவு, இரண்டு பாதை. அதை இரண்டு தீவு, மூன்று பாதையாக மாற்றுகிறார்கள். மூன்றாவது பாதையால் என்ன லாபம்? ஒரு திசை ரயில்களுக்கு ஒரு தீவின் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. முதல் ரயில் கதவைத் திறந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது மறுபக்கம் உள்ளே வந்துவிடலாம். முன்னவன் கிளம்பியதும் பின்னவன் கதவு திறந்தே இருக்கும். மாறி மாறி வருவது. இட்லிக் கடையில் ஒரு அடுப்பில் இரண்டு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓடுகிற லைனுக்குப் பக்கத்திலேயே தோண்டுகிற வேலை. 2024 மே 11, 12, ஒரு சனி ஞாயிறு முழுக்க தோயோச்சோவுக்கும் நிஷி கசாய்க்கும் இடையே ரயிலை நிறுத்திவிட்டு பாதையை நகர்த்தி வைத்தார்கள். எங்கள் காலத்தில் 'பிளாக்' வாங்குவது என்போம். நாலு மணி நேர பிளாக் வாங்கவே நான் போனில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன்.

பிளாட்பாரத்தில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் எதற்கு என்று தெரியும். ஜப்பானில் அதில் ஏதோ விசேஷம் என்கிறார்களே?
– மதுரை வாசகர்

பிறந்ததே அங்கேதான். மியாகே செய்இச்சி என்பவர் கண்டுபிடித்தது, 1967-ல் ஒகாயாமா நகரத் தெருவில் முதலில் பதித்தார்கள். நீங்கள் கேட்கும் விசேஷம் இன்னொன்று. வட்டப் புள்ளிக் கற்களில் மட்டும் ஒரு குறை இருந்தது. பார்வையற்றவருக்கு 'ஓரம் வந்துவிட்டது' என்று தெரியும், எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாது. தீவு பிளாட்பாரத்தில் இரு பக்கமும் பள்ளம் ஆயிற்றே! அதனால் புள்ளிகளை ஒட்டி மேடையின் உள்பக்கமாக ஒரு நீளக் கோட்டைப் புடைப்பாகச் சேர்த்தார்கள். கோடு இருக்கும் பக்கம் போனால் பிழைத்தோம். அடுத்த தடவை ஜப்பானியப் பிளாட்பாரப் படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஊழியர்கள் கையை நீட்டி நீட்டித் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார்களே, வேண்டுதலா?
– சேலம் வாசகர்

'ஷிசா கான்கோ'. சிக்னலை விரலால் சுட்டி, பார்த்ததை வாயால் சொல்வது. கண், கை, வாய், காது நாலும் ஒரே வேலையில் இருந்தால் தூக்கக் கலக்கம் ஏமாற்றாது. 1994-ல் அவர்கள் ரயில்வே ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்ததில் தவறுகள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. நான் இப்போது வீட்டில் காஸ் அடுப்பை அணைத்ததும் செய்கிறேன். பேரன் சிரிக்கிறான், மகள் சிரிப்பதில்லை.

கணவருடன் அடுத்த மாதம் நிஷி கசாய்க்குக் குடிபோகிறேன். ரயிலில் எங்கே ஏறினால் நல்லது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.
– வடபழனி வாசகி

நல்ல காரியம் அம்மா. ஏறுகிற ஸ்டேஷனைப் பார்க்காதீர்கள், இறங்குகிற ஸ்டேஷனைப் பாருங்கள். அங்கே படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு எதிரே வருகிறது என்பதுதான் கணக்கு. பிளாட்பாரத்தில் இதற்கென்றே அட்டவணை ஒட்டியிருக்கும். எந்த ஸ்டேஷனில் எந்தப் பெட்டிக்கு நேரே படி, எஸ்கலேட்டர், மாறும் வழி என்று படத்தோடு இருக்கும். தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் போட்டிருப்பார்கள். இரண்டையும் பொருத்திக்கொண்டால், இறங்கியதும் படி உங்கள் மூக்குக்கு நேரே.

காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்புங்கள். ஊருக்குள் போகுமுன் ஆற்றின் மேல் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம் இருக்கிறது. காற்று எல்லை மீறினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

என் மகள் எந்தப் பெட்டியில், எந்தக் கதவில் ஏறுகிறாள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல அவள் அனுமதி கொடுக்கவில்லை. அந்த வரிசையில் ஏற்கெனவே ஒன்பது பேர் நிற்கிறார்களாம்.