சின்ன டிராக்டர் பராமரிப்பு: உழவர்களின் கேள்விகளும் பட்டறைக்காரரின் பதில்களும்

திராட்சைப் பந்தலுக்கு அடியிலும் தென்னை வரிசைகளுக்கு நடுவிலும் ஓடும் 18 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான சிறிய டிராக்டர்களைப் பற்றி உழவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அவற்றைப் பழுது பார்த்துவரும் மெக்கானிக் ஒருவர் எழுதிய பதில்கள் இவை. அளவுகள் மாதிரிக்கு மாதிரி மாறும். இங்கே உள்ள எண் உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னை): என் வண்டி மாதத்துக்கு 10 மணி நேரம்கூட ஓடுவதில்லை. எஞ்சின் ஆயிலை மணிக்கணக்குப் பார்த்து மாற்றுவதா, வருடக்கணக்குப் பார்த்து மாற்றுவதா?

பதில்: இரண்டில் எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்றுங்கள். புதிய வண்டிக்குப் பெரும்பாலும் முதல் 50 மணி நேரத்தில் ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் கலந்திருக்கும். அதன் பிறகு பல மாதிரிகளில் 200 அல்லது 250 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இருக்கும். உங்களைப்போல் குறைவாக ஓட்டுபவர்கள் மணிக்கணக்கு நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தப்படும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (தர்மபுரி, மானாவாரி): புழுதி அதிகம் என்பதால் தினமும் மாலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டிச் சுத்தம் செய்கிறேன். அப்படியும் பாரம் ஏறும்போது கரும்புகை வருகிறது. இழுவையும் குறைந்துவிட்டது.

பதில்: நீங்கள் அக்கறையோடு செய்யும் அந்த வேலையே ஃபில்டரைக் கெடுத்திருக்கலாம். டயரில் தட்டும்போது தகட்டு விளிம்பு நெளிந்து, ரப்பர் சீல் சரியாக உட்காராமல் போகிறது. காகித மடிப்புகளும் கிழிகின்றன. கம்பிரசர் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார் அளவுக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். பிறகு இருட்டான இடத்தில் ஒரு டார்ச்சை ஃபில்டருக்குள் வைத்துப் பாருங்கள். ஊசித்துளை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிறிய ஃபில்டரை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற மட்டுமே வேண்டும்.

தினசரி செய்ய வேண்டியது வேறு. ஃபில்டர் கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கை விரலால் அமுக்கி, சேர்ந்திருக்கும் புழுதியை உதிர்த்துவிட்டாலே போதும். அந்த மூக்கு கிழிந்தோ கழன்றோ போன வண்டிகளைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். சிறு செலவில் மாற்றக்கூடிய அந்த ரப்பரைக் கவனிக்காமல் விட்டு, பிறகு லைனர், பிஸ்டன், ரிங் என்று பெரிய செலவில் போய் நிற்கிறார்கள். ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். புழுதி ஒட்டினால் கிளாம்போ ஃபில்டரோ கசிகிறது என்று பொருள். இவையெல்லாம் சரியாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைச் சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி (கம்பம், திராட்சை): கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

பதில்: பிளேட்டின்மேல் பழி போடும் முன் ஓர் அளவுகோலை எடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கிளட்ச் பெடலைக் கையால் அமுக்குங்கள். எதிர்ப்பில்லாமல் லேசாக இறங்கிச் சட்டென்று கனமாகும் இடம்வரை உள்ள தூரமே ஃப்ரீ பிளே. பல சிறிய டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால் பெடலை முழுவதும் மிதித்தாலும் கிளட்ச் முழுமையாக விலகாது. நீங்கள் கேட்கும் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளட்ச் ராடில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ராடின் நீளத்தை மாற்றி அளவுக்குக் கொண்டுவந்து, மீண்டும் நட்டை இறுக்குங்கள்.

பிளேட் தேயும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது: ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வந்து இல்லாமலே போகும், கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழன்று சூடேறும், பாரத்தில் கிளட்ச் வழுக்கும். பெடலின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுபவர்களின் வண்டிகளும் இதே கதிக்குத்தான் ஆளாகின்றன.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், மஞ்சள்): சாலையில் பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

பதில்: இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடல்களின் ஃப்ரீ பிளேவும் சமமாக இல்லாததே பெரும்பாலும் காரணம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, ராடுகளைத் திருகிச் சமப்படுத்துங்கள். பிறகு பூட்டுத் தகட்டால் இரண்டையும் இணைத்து, வெறும் திடலில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். இது சரியாகும்வரை டிரெய்லரோடு சாலையில் ஏற வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி, நெல்): சேற்று உழவு முடிந்து பார்த்தால் முன் ஆக்ஸில் ஆயில் மோர் நிறத்தில் இருக்கிறது. அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா?

பதில்: ஓட்டக் கூடாது. தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து ஆயிலோடு கலந்துவிட்டது; அந்தக் கலவை பேரிங்கையும் பல்சக்கரத்தையும் காக்காது. ஆயிலை வடித்து, கசியும் சீலை மாற்றிய பிறகே புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த போகத்தில் அதே நிறத்தைப் பார்ப்பீர்கள். சேற்றில் இறங்கும் நாள்களில் ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய சேறும் கிரீஸும் பிதுங்கி வெளியேறும்வரை தினமும் கிரீஸ் அடியுங்கள். கிளட்ச் கூட்டின் அடியில் வடிகால் துளை உள்ள வண்டிகளில், சேற்றுக்குப் போகும் முன் அதை அடைத்து, வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். திறக்க மறந்தால் உள்ளே கசிந்த ஆயில் வெளியேற வழியில்லாமல் பிளேட்டை நனைக்கும்.

கேள்வி (ஒட்டன்சத்திரம், காய்கறி): ரொட்டவேட்டர் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் ஓட்டுகிறது. கத்திகள் புதியவை.

பதில்: முதலில் இரண்டு பின் டயர்களின் காற்றையும் அளந்து பாருங்கள், வண்டியே சாய்ந்து நின்றால் கருவியை எவ்வளவு திருகினாலும் நேராகாது. பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கத்திகள் தரைக்குச் சற்று மேலே இருக்கும்படி ரொட்டவேட்டரைத் தூக்கி, அடியில் உறுதியான கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ரோட்டரின் இரு முனைகளிலிருந்தும் தரைவரை அளந்து, வேறுபாட்டை வலப்பக்கத் தூக்குக் கம்பியைத் திருகிச் சரிசெய்யுங்கள். பக்கவாட்டு ஆழத் தகடுகளும் ஒரே துளையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். முன்பின் சாய்வு, கருவியை மேலே வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க்கின் வேலை. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்தும் பிடிஓ ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வேட்டியும் தோள்துண்டும் அணிந்து வேலை செய்யும் நம் ஊரில் நிமிடத்துக்கு 540 முறை சுழலும் ஷாஃப்ட்டைத் திறந்து வைப்பது கொலைக்குச் சமம்.

கேள்வி (சத்தியமங்கலம், வாழை): டீசல் முழுவதும் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. நிரப்பிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: குழாய்களில் காற்று புகுந்துள்ளது. டீசல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடியுங்கள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் போல்ட்டை இறுக்குங்கள். டீசலை நாசிலுக்கு அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் போல்ட்டுக்கும் இதையே செய்யுங்கள். மின்பம்ப் உள்ள மாதிரிகளில் சாவியை ஆன் நிலையில் சற்று நேரம் வைத்தாலே பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 வினாடிகளுக்கு மேல் சுழற்றாமல், இடையில் அரை நிமிடம் ஆறவிடுங்கள். எஞ்சின் பிடித்ததும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, நீங்கள் கைவைத்த இணைப்புகள் எதிலும் டீசல் கசியவில்லை என்று பார்த்த பிறகு பானெட்டை மூடுங்கள்.