பாட்டியின் காதும் பேத்தியின் க்ரீமும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாநிறம், ஆனால் முகவெட்டு நன்றாக இருக்கும். ஆறு மாதமாக ஆன்லைனில் ஏதோ க்ரீம் வரவழைத்துப் பூசுகிறாள். டப்பாவில் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. முகம் வெளுத்திருக்கிறது, வெயிலில் போனால் எரிகிறதாம். கண்டித்தால் "கறுப்பா இருந்தா யாரும்மா மதிக்கிறாங்க?" என்கிறாள். என் மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல். காது தோள்வரை தொங்கும். தோழிகள் வந்தால் அவரை உள்ளறைக்குப் போகச் சொல்கிறாள். எப்படித் திருத்துவது?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் க்ரீம். விவரம் இல்லாத டப்பாக்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு இத்தகைய க்ரீம்கள்தான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டாக இருந்து சட்டென்று விட்டால் முகம் சிவந்து கொதிக்கும். அவர் சொல்கிறபடி நிறுத்தட்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் மாமியாரை முன்னறைக்கு அழைத்து வாருங்கள். இந்த விஷயத்தில் அனுபவசாலி அவர்தான். அவர் காலத்தில் கைக்குழந்தைக்குக் காதில் துளை போட்டு, பஞ்சைத் திரித்துச் செருகி, துளை பெரிதானதும் ஈயக் குணுக்கை மாட்டி இழுக்க விடுவார்கள். காது தோளைத் தொட்டால்தான் அழகு. அதில்தான் பாம்படம், தண்டட்டி என்கிற கனத்த காதணிகள் ஆடும். காது வளர்க்காத பெண்ணை யார் கட்டுவான் என்று தாய்மார் கவலைப்பட்ட காலம் அது. நேற்று முளைத்த ஆசையும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கண்ணகிக்கே வடிந்து வீழ்ந்த காதுதான்.

அதே காது, கம்மலும் பள்ளிக்கூடமும் பட்டணமும் வந்ததும் 'பட்டிக்காடு' ஆகிவிட்டது. என் பெரியம்மா, தன் மகன் கல்யாணத்துக்கு முன்பு டாக்டரிடம் போய் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் சிரிப்பார்களாம். கல்யாண போட்டோவில் காதோரம் பிளாஸ்திரி தெரியும். அவர் காதை வளர்த்ததும் ஊருக்காக, அறுத்ததும் ஊருக்காக.

நிறத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகை 'மாமை' என்பார்கள். மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். உங்கள் மகளின் மாநிறத்துக்குப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். குறுந்தொகை 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, கன்றும் குடிக்காமல் கலத்திலும் கறக்காமல் மண்ணில் வழிந்த பாலைப் போல, தன் மாமையழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல், பிரிவால் மேனியில் படரும் வெளிறலான பசலைக்கு இரையாகிறதே என்று புலம்புகிறாள். அதாவது முகம் வெளிறினால் அது பிரிவு நோய்! அந்தக் காலத்தில் நிற பேதமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. சிவப்பழகு மட்டும்தான் அழகு என்று எல்லாக் காலத்திலும் இருக்கவில்லை, அவ்வளவுதான். 'ஃபேர் அண்ட் லவ்லி' இங்கே விற்பனைக்கு வந்தது 1975-ல். 2020-ல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. கல்யாணத் தரகர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்திலும் ஒன்று கண்ணில் பட்டது. "மாநிறம், ஆனால் முகவெட்டு நன்றாக இருக்கும்." அந்த 'ஆனால்' அவள் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்? க்ரீமோடு சேர்த்து அதையும் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த முறை தோழிகள் வரும்போது பாட்டி முன்னறையிலேயே இருக்கட்டும். பாம்படம் விற்காமல் பெட்டியில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். அந்தப் பெண்கள் கையில் வாங்கிப் பார்த்து, "இவ்வளவு கனத்தையா காதுல போட்டீங்க, வலிக்கலையா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். பதிலைப் பாட்டியே சொல்லட்டும். உங்கள் மகளும் பக்கத்தில்தானே இருப்பாள்.