ஒரு நாள் இறுகுது, ஒரு நாள் கழியுது: இரவில திரிபலா குடிக்கலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 43 வயசு, இருக்கிறது வெள்ளவத்தை, வேலை கோட்டையில. மூண்டு வருசமா வயிறு சரியில்லை. சாப்பிட்ட கையோட ஊதும், ரெண்டு நாள் டொய்லட் போகாது, மூண்டாம் நாள் காலமை நாலு தரம் ஓடவேணும். பகல் சாப்பாடு ரெண்டரை மூண்டு மணியாகும், இரவு பத்து. எண்டொஸ்கோப்பி செய்து ஒண்டும் இல்லை எண்டிட்டினம். ஒரு வருசமா அமிலம் குறைக்கிற ஓமெப்ரசோல் போடுறன், பிரஷருக்கும் குளிசை. கூட வேலை செய்யிற ஒராள் சொல்லி இரவில ஒரு கரண்டி திரிபலா குடிக்கிறன், அதுக்குப் பிறகு கூடின மாதிரிக் கிடக்கு. ஆயுர்வேதத்தில முழுசா சுகப்படுத்தேலுமா?

பதில்: தம்பி, முதல்ல அந்தத் திரிபலாவை நிப்பாட்டுங்கோ. கூடாத மருந்து இல்லை, ஆனா உங்களுக்கான மருந்து இல்லை. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூண்டும் சேர்ந்தது அது, எப்பவும் இறுகிக் கிடக்கிற வயித்துக்குக் குடுக்கலாம். உங்களுக்கு ரெண்டு நாள் இறுக்கம், மூண்டாம் நாள் கழிச்சல், அந்த மூண்டாம் நாளுக்கு நீங்களே முதல் நாள் இரவு பேதி குடுக்கிறீங்கள், பிறகு கூடாம என்ன செய்யும்.

செமிபாட்டு நெருப்பை நாங்கள் அக்கினி எண்டுவம். சிலருக்கு அது மந்தம், சிலருக்கு அளவுக்கு மிஞ்சின சூடு, உங்கட கதையைப் பாத்தா விஷமாக்கினி போல, அதாவது ஒரு நாள் எரியும் ஒரு நாள் அணையும், வாயுவோட சேட்டை. இங்கிலீஷ் டொக்டர்மார் இப்பிடியான வயித்துக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) எண்டு சொல்லுவினம். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில சிகிச்சை பற்றின பகுதியில 15ஆம் அத்தியாயமே கிரகணி எண்ட குடல் நோய்க்குத்தான், அதில மருந்துக்கு முதல் அக்கினியைப் பற்றித்தான் கதை தொடங்குது. மூண்டு மணிக்குச் சோறும் பத்து மணிக்குக் கொத்தும் சாப்பிட்டுக்கொண்டு என்ன சூரணம் குடிச்சாலும் நனைஞ்ச விறகை ஊதுற மாதிரித்தான். பகல் சாப்பாட்டை ஒரு மணிக்குள்ள முடியுங்கோ, மீட்டிங் இருந்தா மீட்டிங்கை மாத்துங்கோ (சிரிக்க வேண்டாம், என்னட்ட வாற பாங்க் ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் மாத்தினவை). இரவு எட்டுக்கு முதல், அரை வயிறு. முந்தினது செமிக்க முதல் அடுத்ததைப் போடாதேங்கோ, நாலு மணி றோல்ஸும் பால் ரீயும் அதுக்குள்ள அடங்கும்.

உங்களுக்கு நான் முதல்ல சொல்லுறது மோர். பழைய ஆக்கள் கிரகணிக்கு இதைத்தான் மருந்தாவே குடுத்தவை. சட்டித் தயிரை அப்பிடியே கரைக்கக் கூடாது, எருமைத் தயிர், கொழுப்புக் கூட. ஒரு பங்குக்கு மூண்டு பங்கு தண்ணி விட்டு நல்லாக் கடைஞ்சு மேல திரளுற வெண்ணெயை எடுத்துப்போடுங்கோ. வெறும் தாச்சியில அரைத் தேக்கரண்டி நற்சீரகத்தை வாசம் வருமட்டும் வறுத்து, கையால நசிச்சு, கறிவேப்பிலையோட மோரில போட்டு பகல் சாப்பாடு முடிய ஒரு கிளாஸ். இரவில வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாத ஆளெண்டா கால் கிளாசில தொடங்கிப் பாருங்கோ.

மருந்தெண்டு கேட்டா ஹிங்வாஷ்டக சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், ரெண்டு வகைச் சீரகம், இந்துப்பு, பெருங்காயம், எட்டுச் சாமான். அரைத் தேக்கரண்டி எடுத்து கொஞ்ச நெய்யோட சோத்தின்ர முதல் கவளத்தில பிசைஞ்சு சாப்பிடுறது, பகலில மட்டும், ரெண்டு கிழமைக்கு. உப்புச் சேர்ந்தது, உங்களுக்குப் பிரஷர், அதால அதுக்கு மேல நீட்ட வேண்டாம். நெஞ்செரிவு கூடினா அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. அதிமதுரம் வயித்துக்கு நல்லமெண்டு ஆரும் சொன்னா தலையை ஆட்டிட்டு விடுங்கோ, அது பிரஷரைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கழிச்சல் நாளில பெலிமல், அதுதான் வில்வம்பூ, அவிச்சுக் குடிக்கலாம், சீனி போடாம. காலமை கொலகெந்த, அதுதான் இலைக்கஞ்சி, நல்லம்தான், ஆனா தேங்காயின்ர முதல் பாலைக் குறைச்சு.

ஓமெப்ரசோலை நாளைக்கே தூக்கி எறிஞ்சிடாதேங்கோ. கனகாலம் போட்டுட்டு சடாரெண்டு விட்டா அமிலம் முந்தியை விடக் கூடச் சுரந்து எரியும், பிறகு ஆயுர்வேதம் சரிவரேல்லை எண்டு என்னைப் பேசுவீங்கள். எழுதித் தந்த டொக்டரோட கதைச்சு மெல்ல மெல்லக் குறைக்கிறதுதான் வழி.

எண்டொஸ்கோப்பி பாக்கிறது மேல் பக்கம் மட்டும், பெருங்குடலை இல்லை. மலத்தில ரத்தம், தார் மாதிரிக் கறுப்பு, காரணமில்லாம மெலியிறது, ரத்தம் குறைவு எண்டு ரிப்போட், நித்திரையால எழுப்பிற கழிச்சல், குடும்பத்தில ஆருக்கும் குடல் கான்சர், இதில ஒண்டு இருந்தாலும் சூரணத்தை வச்சிட்டு குடல் டொக்டரிட்டப் போங்கோ. தைரொயிட், சுகர் ரெண்டையும் ஒருக்காப் பாத்தா நல்லம்.

முழுசா சுகப்படுமா எண்டு கேட்டீங்கள். அடங்கும், ஒஃபிஸ் டென்ஷன் வரேக்க திரும்ப எட்டிப் பாக்கும், ஒரேயடியாப் போகுமெண்டு சொல்லுறவனிட்டக் காசு குடுக்காதேங்கோ. முக்கியமா லேபிள் இல்லாத பஸ்பப் பொடி, குளிகை எதுவும் வேண்டாம், ஈயமும் பாதரசமும் கலந்ததுகள் இருக்கு. பதிவு செய்த வைத்தியரா எண்டு கேட்டுப் பாருங்கோ, கேக்கிறதில வெக்கம் இல்லை. பொரளை ஆயுர்வேத ஆஸ்பத்திரியிலயும் காட்டலாம்.

ரெண்டு கிழமைக்கு என்ன சாப்பிட்டது, எத்தினை மணிக்கு, டொய்லட் எப்பிடி எண்டு ஃபோன்ல குறிச்சு வையுங்கோ. ஆரிட்டக் காட்டப் போனாலும் வீட்டில கிடக்கிற பக்கெட், போத்தில் எல்லாத்தையும், அந்தத் திரிபலாவையும் சேர்த்து, ஒரு பையில போட்டுக்கொண்டு போங்கோ.